ஒத்திகை கிடையாது! விடிவதற்குள் வள்ளிக்குக் கல்யாணம் ஆகவேண்டும்!

போடி மலையடிவாரத்து மேடையில் முன்பின் தெரியாத நடிகர்கள் வேடம் பொருந்துவது எப்படி?

போடிநாயக்கனூர்,

ராஜபார்ட் ஒரு ஊர். ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர். பபூன் வேறு ஊர். ஆர்மோனியக்காரர் அதற்கும் அப்பால்.

இந்த நாலு பேரும் சேர்ந்து ஒரு நாள்கூட ஒத்திகை பார்த்தது கிடையாது. சில சமயம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே மேடையில்தான்!

ஆனால் ராத்திரி 10 மணிக்குத் தொடங்கி, கோழி கூவும் வரை, ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்போல் கதையை நடத்திக் கொண்டு போகிறார்கள்.

இதற்குப் பெயர்தான் "ஸ்பெஷல் நாடகம்". மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரத்துக் கோவில் திருவிழாக்களில் இன்றைக்கும் நடக்கிறது. கம்பெனி கிடையாது. முதலாளி கிடையாது. டைரக்டரும் கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக, "ஸ்பெஷலாக" சம்பளம் பேசி அழைக்கிறார்கள். அதனால் வந்த பெயர்.

அப்படியானால், யாரோடு சேர்ந்து நடிக்கப் போகிறோம் என்று சரியாகத் தெரியாமலே ஒருவர் தன் வேடத்தை எப்படி அமைத்துக் கொள்கிறார்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

மலைக்காட்டுக் கதை

போடி ஏலக்காய் ஊர். மேற்கே மலை. 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளாவின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஏலத்தோட்டங்கள். விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் இந்தப் பக்கம் ஏராளம். கீழே ஊரில் கிட்டங்கிகளில் காய் தரம் பிரிக்கிறவர்கள் இன்னொரு பக்கம்.

இப்படிப்பட்ட ஜனங்களுக்கு அதிகம் பிடித்த நாடகம் எது தெரியுமா? "வள்ளி திருமணம்".

அது மலைக்கதை. மலைக்குறவர் வீட்டுப் பெண் வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று குருவி விரட்டுகிறாள். நாரதர் வருகிறார். பிறகு முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான். மசியாத வள்ளியை யானை வந்து மிரட்டுகிறது. கடைசியில் கல்யாணம்.

கதை எல்லோருக்கும் மனப்பாடம். பார்க்கிறவருக்கும் தெரியும், நடிக்கிறவருக்கும் தெரியும். ஆனால் விடிந்ததும் ஜீப் வந்து நிற்கும். அதற்குள் வள்ளிக்குக் கல்யாணம் ஆகியாக வேண்டும். இழுத்தாலும் தப்பு. சீக்கிரம் முடித்தாலும், கொடுத்த பணத்துக்கு நாடகம் இல்லை என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

யாருக்கு என்ன வேலை?

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று வேடத்துக்கு வகை உண்டு. ஒருவர் எந்த வகைக்கு என்று பேர் எடுக்கிறாரோ, அந்த வகைக்குத்தான் அவரை அழைப்பார்கள். நோட்டீசிலும் அப்படியே போட்டோ போட்டு அச்சடிப்பார்கள்.

ஸ்பெஷல் நாடகத்தின் முதல் பாடம் இது. ராஜபார்ட்டாக வந்தவர் பபூன் வேலையில் கை வைக்கக் கூடாது. பபூன், ராஜாவைவிடப் பெரிய ஆளாகக் காட்டிக் கொள்ளக் கூடாது. அவரவர் இடம் தெரிந்துவிட்டால், முன்பின் தெரியாதவரோடும் சேர்ந்து நிற்கலாம்.

பக்கவாத்தியம் வேறு இருக்கிறது. ஆர்மோனியம், மிருதங்கம், "ஆல்ரவுண்ட்" எனப்படும் டிரம்ஸ் கூட்டம், தாளம். ஆர்மோனியக்காரர் சுருதி பிடிப்பதோடு நிற்பதில்லை. பின்பாட்டுப் பாடுவார். நடிகர் தடுமாறினால் எடுத்துக் கொடுப்பார். டைரக்டர் இல்லாத நாடகத்தில் ஏறக்குறைய அவர்தான் கடிவாளம்.

பயந்து விழுந்த பெண்கள்

இந்த நாடகங்களுக்குப் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ம் ஆண்டு தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922-ம் ஆண்டு புதுச்சேரியில் காலமானார். நாடக நடிகர்கள் இன்றைக்கும் அவருக்குக் குருபூஜை நடத்துகிறார்கள்.

சுவாமிகள் ஆரம்பத்தில் நடிகர். எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற பயங்கர வேடங்களில் பேர் வாங்கியவர். அவரைப் பற்றி நாடக உலகில் ஒரு சங்கதி சொல்வார்கள்.

சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க அவர் விடியற்காலையில் குளத்துப் பக்கம் போக, பார்த்த பெண் ஒருத்தி பயந்து உயிரை விட்டாளாம். இன்னொரு முறை எமனாக மேடையில் பாய்ந்தபோது, கூட்டத்தில் இருந்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்து விட்டதாம். மனம் நொந்த சுவாமிகள் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டு, வாத்தியாராக மாறினார் என்பது கதை.

கூட்டிக் குறைத்துச் சொல்லப்பட்டதாகவே இருக்கட்டும். அதில் உள்ள விஷயம் பெரிது. வேடம் எவ்வளவு பலமாக இருந்தாலும், கூட இருப்பவர்களும் எதிரே இருப்பவர்களும் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அது நல்ல வேடம் இல்லை.

ஒரே ராத்திரியில்!

வாத்தியாரான பிறகு சுவாமிகள் எதிர் வேலை செய்தார். ஆளுக்குத் தகுந்த வேடத்தை எழுதினார்.

1918-ம் ஆண்டு மதுரையில் அவர் தொடங்கிய சிறுவர் நாடக சபைக்கு "தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை" என்று பெயர். அங்கே வந்து சேர்ந்த சிறுவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் "அவ்வை" சண்முகம் என்று புகழ் பெற்ற டி.கே. சண்முகம். அந்தச் சின்னப் பையனை முன்னால் நிறுத்துவதற்காகச் சுவாமிகள் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து "அபிமன்யு சுந்தரி" நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக வரலாற்றில் பேசப்படும் சம்பவம்.

பையனைப் பிடித்து, இருக்கிற பெரிய வேடத்துக்குள் திணிக்கவில்லை. கையில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்து, அதற்குப் பொருத்தமான வேடத்தைச் செய்தார்.

கதவைச் சாத்தாதே!

ஸ்பெஷல் நாடகத்தில் உரசிப் பார்க்கிற இடம் "தர்க்கம்". வள்ளியும் நாரதரும் நேருக்கு நேர் நின்று கேள்வி, பதில் நடத்தும் கட்டம். பாட்டு பழைய பாட்டாக இருக்கும். பேச்சு மட்டும் அந்த நேரத்தில் வாயில் வருவது. எதிராளி என்ன கேட்பார் என்று முன்கூட்டியே தெரியாது.

இப்படி வைத்துக் கொள்ளுங்கள். நாரதர் கேட்கிறார்:

"ஏம்மா, இம்புட்டுப் பெரிய காட்டுல ஒத்தையா நிக்கிறியே, உனக்குப் பயமா இல்லையா?"

வள்ளி, "அதெல்லாம் உமக்கு எதுக்கு, போமய்யா" என்று வெட்டிவிட்டால் முடிந்தது. நாரதர் மரம் மாதிரி நிற்க வேண்டியதுதான். கைதட்டல் வேண்டுமானால் வரும். ஆனால் நாடகம் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

அதே வள்ளி, "தினைக்கு நான் காவல் சாமி, எனக்கு எங்க அண்ணன்மாரு காவல்" என்கிறாள் என்று வையுங்கள். நாரதருக்கு வழி கிடைத்துவிட்டது. "அப்ப உங்க அண்ணன்மாருக்கு யாரு காவல்?" என்று அவர் அடுத்த அடி வைக்கலாம். வள்ளிக்கும் குறைவு இல்லை. துணிச்சல்காரி, வீட்டுக்கு அடங்கிய பெண், வாய்க்காரி என்று மூன்றும் ஒரே பதிலில் தெரிந்துவிட்டது. போதாக்குறைக்கு, கதையில் பின்னால் வரப்போகும் அண்ணன்மாருக்கும் இடம் போட்டாகி விட்டது.

நல்ல வேடம் என்பது இதுதான். தன் பதிலை முடிக்கும்போதே அடுத்தவர் நுழையக் கதவு திறந்து வைப்பது.

இதில் விஷமக்காரர்களும் உண்டு. எதிராளிக்குத் தெரியாத புராணக் கேள்வியைப் போட்டு, ஜனங்கள் முன்னால் முழிக்க வைத்து, தான் கெட்டிக்காரன் என்று காட்டுகிறவர்கள். அன்றைக்கு ஜெயிக்கலாம். ஆனால் தேதி குறிக்கும்போது, "அவரு கூடயா? நமக்கு வேண்டாம்ண்ணே" என்று மற்றவர்கள் நழுவிவிட்டால் அவர் கதி என்ன? ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிறவருக்கு அடுத்த அழைப்புதான் சோறு.

பபூனின் பொறுப்பு

நாடகம் தொடங்கியதும் முதலில் வருகிறவர் பபூன். அவரை வெறும் சிரிப்புக்காரர் என்று நினைத்தால் அது தப்பு.

அன்றைய கூட்டத்தைப் பதம் பார்த்துச் சொல்கிறவர் அவர்தான். குழந்தைகள் அதிகமா, பெண்கள் அதிகமா, குடித்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது எத்தனை பேர் என்று கண்ணால் கணக்கு எடுப்பார். வந்த ஊரின் சங்கதியையும் பேச்சில் கோர்க்க வேண்டும். 2019-ம் ஆண்டு ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7 ஆயிரம் ரூபாய் வரை போனது. அந்த மாதிரி சமயத்தில் போடி பக்கம் வந்து ஏலக்காயைப் பற்றிப் பேசாத பபூன் என்ன பபூன்?

ராஜபார்ட் வரும் பஸ் வழியில் பிரேக்டவுன் ஆனாலும் பபூன்தான் நேரத்தை இழுக்க வேண்டும். போடிக்கு ரெயிலை நம்பியும் பல வருஷம் வரமுடியவில்லை. மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்த 2010-ம் ஆண்டு கடைசியோடு நிறுத்திய ரெயில், 2023 ஜூன் 15-ந் தேதிதான் திரும்ப போடிக்கு வந்து சேர்ந்தது. அதுவரை எல்லோருக்கும் பஸ்சும் வேனும்தான்.

நடிகையின் மானம்

ஆபத்தான இடமும் பபூன் கட்டத்தில்தான் இருக்கிறது.

டான்ஸ் நடிகை ஆடிக்கொண்டே வருவார். பபூன் மேல் மோதிக் கொள்வார். சண்டை வரும். போட்டிப் பாட்டு நடக்கும். கடைசியில் அதுவே காதலாகும். இதுதான் வழக்கமான கட்டம். எதிரே நிற்பது முன்பின் தெரியாத ஆண். பேச்சுக்கு எழுத்து கிடையாது. அவர் வாயில் இரட்டை அர்த்தம் வந்துவிட்டால், நூற்றுக்கணக்கான பேர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியது அந்தப் பெண்.

பதில் சொல்லாவிட்டால் "நடிக்கத் தெரியாதவள்". அதே பாணியில் சொன்னால் "மோசமானவள்". இரண்டுக்கும் நடுவே, வேடமும் கெடாமல், மானமும் போகாமல், ஜனங்களையும் சிரிக்க வைத்து வெளியே வரவேண்டும்! கம்பி மேல் நடக்கிற வேலை.

இதற்காகவே நடிகர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் முறை வைத்து அழைத்துக் கொள்கிறார்கள். "வாங்கண்ணே", "என்ன தங்கச்சி, சாப்பிட்டாச்சா?" என்கிறார்கள். இது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை. திரைக்குப் பின்னால் "தங்கச்சி" என்று கூப்பிட்டவர், திரைக்கு முன்னால் ஒரு எல்லையைத் தாண்ட யோசிப்பார். மேடையில் காதல் பேச, பின்னால் அண்ணன், தங்கை உறவு காவல்!

சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் மதுரைக்கு வந்து இந்த நடிகர்களோடு பழகி, 2005-ம் ஆண்டு ஒரு பெரிய புத்தகமே எழுதினார். மேடையில் கைதட்டும் ஜனங்களே, மேடையை விட்டு இறங்கியதும் நடிகையை ஏளனமாகப் பார்ப்பதும், அதைத் தாங்க அவர்கள் கையாளும் வழிகளும் அந்தப் புத்தகத்தில் முக்கியமாக வருகின்றன.

இரண்டு சிங்கங்கள்

ஒரே மேடையில் இரண்டு பெரிய ஆட்கள் பொருந்துவார்களா?

பொருந்தினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பா உச்ச சுருதியில் பாடி ஜனங்களை மயக்கியவர். கே.பி. சுந்தராம்பாள் கணீர்க் குரலுக்குச் சொந்தக்காரி. 1920-களில் இருவரும் இலங்கையில் ஜோடி சேர்ந்தார்கள். ஒரு குரல் இன்னொரு குரலை விழுங்கிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது வேறு. அவர் பாடினால் இவர் என்ன பாடப் போகிறார் என்பதைக் கேட்கவே கூட்டம் கூடியது. தனியாக நின்றாலும் கூட்டம் வரும், சேர்ந்து நின்றால் அலைமோதும் என்று ஆனது. மேடை ஜோடி வாழ்க்கையிலும் ஜோடி ஆனது. ஆனால் 1933-ம் ஆண்டு 27-வது வயதில் கிட்டப்பா காலமானார்.

அமெரிக்காவில் மேஜை நாடகம்!

இதே தலைவலி கடல் தாண்டியும் இருக்கிறது. அங்கே அது விளையாட்டு.

1974-ம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தைக் காகிதத்தில் எழுதிக் கொண்டு, அந்த ஆளாகவே பேசுவார்கள். அடி பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். 20 முகம் உள்ள பகடைகூட உண்டு!

அதிலும் வகை இருக்கிறது. முதலில் வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி என்று மூன்று. அடுத்த வருஷமே திருடனும் வந்து சேர்ந்தான்.

தகராறும் அதே தகராறுதான். எல்லோரும் வாள்வீரனாக வந்து நின்றால் காயத்துக்கு மருந்து போட ஆள் இல்லை. ஒருவர், "நான் யாரையும் நம்பாத தனிக்காட்டு ராஜா" என்று எழுதிக் கொண்டு வருவார். கூட்டமாகப் போகிற கதையில் அவர் எதற்கு? திருடன் வேடம் எடுத்தவர் கூட வந்தவர் பையிலேயே கை வைப்பார். "என் பாத்திரம் அப்படித்தான்" என்று சாக்குச் சொல்வார். அன்றைக்கு விளையாட்டு சண்டையில் முடியும்.

இதற்காகப் பலரும் இப்போது, ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு நாள் கூடி உட்காருகிறார்கள். யார் எந்த வேடம், இந்த ஆளுக்கும் அந்த ஆளுக்கும் என்ன உறவு, எந்தப் பேச்சு யாருக்குப் பிடிக்காது என்று பேசி முடித்த பிறகே பாத்திரத்தை எழுதுகிறார்கள்.

அங்கே கூடிப் பேசிச் செய்வதை, கூடவே வழியில்லாத நம் ஊர் நடிகர்கள் மரபை வைத்துச் செய்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை, வகுத்து வைத்த வேடம், முறை வைத்த அழைப்பு, கடிவாளம் பிடிக்கும் ஆர்மோனியம். இந்த நாலும்தான் அவர்கள் ஒத்திகை.

பழி வாங்குவதிலும் ஒற்றுமை உண்டு! 1979-ம் ஆண்டு அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் காணாமல் போனார். இந்த விளையாட்டுதான் காரணம் என்று பத்திரிகைகள் அலறின. சுமார் ஒரு மாதம் கழித்து ஆள் கிடைத்தார். விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தது. வேடம் போடுகிறவன் மேல் சந்தேகப்படுவது எந்த நாட்டிலும் சுலபம்.

போலீஸ் அனுமதி

இங்கே திருவிழா நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். ஆடல் பாடல் நிகழ்ச்சி வழக்குகளில், ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, ஜாதியையும் கட்சியையும் இழுக்கக் கூடாது என்று ஐகோர்ட்டு மதுரைக் கிளை நிபந்தனை விதித்து வருகிறது.

2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிப்படி, ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாக் காலத்துக்கு, வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு கொடுக்கலாம். விடிய விடிய நடக்கும் நாடகம் இந்த விதியோடு நேராக மோதுகிறது.

நேரம் சுருங்கினால் முதல் கேள்வி, யார் பங்கைக் குறைப்பது? பபூனா, தர்க்கமா, பாட்டா? முதலாளி இல்லாத நாடகத்தில் உத்தரவு போட ஆள் இல்லை. ஒவ்வொருவரும் தானாகக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால்தான் உண்டு. ஒருவர் பிடிவாதம் பிடித்தால், கல்யாணம் ஆகாமலே மைக் அணைந்துவிடும்.

அதைவிடப் பெரிய அடி 2020-ல் விழுந்தது. பங்குனி, சித்திரை திருவிழாக்கள் தொடங்கும் நேரம் பார்த்துக் கொரோனா ஊரடங்கு வந்தது. அடுத்த ஆண்டும் அதே கதி. ஆறு மாத சீசனை நம்பி வருஷம் பூராவும் சாப்பிடுகிறவர்கள், இரண்டு சீசனைப் பறிகொடுத்தார்கள்.

கூட இருப்பவர் கையில்

கடையில் இரண்டு பேரை வைத்து வியாபாரம் செய்கிறவருக்கும், ஆபீசில் நாலு மேஜைக்கு நடுவே உட்காருகிறவருக்கும் இந்த நடிகர்கள் கணக்கு புரியும். நான் யார் என்று முடிவு செய்வதற்கு முன்னால், பக்கத்தில் யார் என்று பார்க்க வேண்டும். எனக்கு எது நன்றாக வரும் என்பதோடு, அங்கே எது இல்லை என்றும் கேட்க வேண்டும்.

கிழக்கே வெளுக்கும்போது முருகனுக்கும் வள்ளிக்கும் மாலை மாற்றுகிறார்கள். மங்களம் பாடியதும் பெண்கள் பாயைச் சுருட்டிக் கொண்டு எழுந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்புக்கு ஓடுகிறார்கள். வேடம் கலைத்த நடிகர்கள் சம்பளத்தை எண்ணி வாங்கிக் கொண்டு, ஆளுக்கு ஒரு பஸ் பிடிக்கிறார்கள்.

அடுத்த வருஷ நோட்டீசில் போட்டோ வருமா, வராதா என்பது ஜனங்களின் கைதட்டலில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி, அன்று ராத்திரி கூட நின்றவர்கள் வாயில் இருக்கிறது.